இடது ஓரம்

கதைப்படி ஆண்டு 2097.
உப்பனாற்றங்கரையில் மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரி,
ஒரு நாளைக்கு நாலாயிரம் வாடகை.
செட்டே வேண்டாம் என்றார் இளம்பரிதி சார்.
கூரையைப் புயல் ஏற்கெனவே கொண்டு போயிருந்தது.
சுவரில் வேர்விட்ட அரசங்கன்றுக்கு மட்டும்
கறுப்புப் பெயின்ட் அடித்தோம்.
"ரொம்ப நல்லா அழிஞ்சிருக்குன்னு ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க,
ரேட்டை ஏத்திடுவான்."

என் வேலை கன்டினியூட்டி.
லாஸ்பேட்டை ஜிம் மாஸ்டர் பிரகலாதன்தான் நாயகன்.
இடப்புருவத்துக் காயம்
சாப்பாட்டுக்குப் பிறகும் இடப்புருவத்திலேயே இருக்க வேண்டும்.
உலகம் அழிந்தாலும்
சட்டையின் மூன்றாம் பட்டன்
போன ஷாட்டில் எப்படியோ அப்படி.

போர் வண்டி: திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கு
வெங்காயம் ஏற்றும் குட்டியானை.
மேலே கட்டில் சட்டம், டிஷ் ஆன்டெனா, இரண்டு மண்வெட்டி.
பின்னால் எழுதியிருந்த 'அங்காளம்மன் துணை'யை அழிக்க
தேசப்பன் சம்மதிக்கவில்லை.
சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டோம்.
காற்றடித்தால் அம்மன் எட்டிப் பார்ப்பாள்.

செத்துக் கிடக்க
சோனாங்குப்பத்திலிருந்து இருபத்திரண்டு பேர்.
ஆளுக்கு ஐந்நூறும் குஸ்காவும்.
அஞ்சலாட்சி மட்டும் பதினோரு முறை செத்தாள்,
முக்காட்டில், கரி பூசி, ஒருமுறை மீசை ஒட்டி.
வெயிலில் கிடந்தபடியே
ஏலத்தில் சங்கரா என்ன விலை போனது என்று
போனில் கேட்பாள்.
"பொணம் பேசக்கூடாதும்மா."
"வாய அசைக்காமத்தான பேசுறேன்."

தயாரிப்பாளர் தணிகாசலத்துக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம்.
ஒருநாள் வந்தவர், காரைவிட்டு இறங்காமலே கேட்டார்:
"எல்லாம் அழிஞ்ச பின்னாடி
ஒரு முந்திரி மரம் மட்டும் நிக்குதுன்னு வைக்க முடியாதா?"

காட்சி அறுபத்தொன்று.
உலகத்தின் கடைசித் தண்ணீர்.
துருப்பிடித்த டப்பாவில் ஒன்றரை லிட்டர்.
அதற்காகப் பிரகலாதன் முப்பது பேரை வெட்ட வேண்டும்.
இருப்பது இருபத்திரண்டு.
எட்டுப் பேர் எழுந்துபோய் மறுபடி வந்து சாவார்கள்.
ஐந்தரை மணி வெளிச்சம், பத்தே நிமிடம்.
புகைக்கு வைக்கோலும் ஈரச் சாக்கும்.
கிடந்தவர்கள் நிஜமாகவே நாவறண்டு கிடந்தார்கள்,
மத்தியானமே கேன் தீர்ந்திருந்தது.

ஆக்‌ஷன்.
வெட்டினான். விழுந்தார்கள்.
முழங்காலிட்டு, டப்பாவை வானுக்கு உயர்த்தி,
வாயைத் திறந்தபோது
புகையைப் பிளந்துகொண்டு
இடது ஓரத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.
முன்னால் ஒன்று, பின்னால் நாலு,
ஐந்து நீலக் கேன்கள்.
ரகமத்துல்லா ஒரு காலை ஊன்றி நின்று
பிணங்களைப் பார்த்தான், பிரகலாதனைப் பார்த்தான்.
"காலி கேன் எங்க வச்சிருக்கீங்க?"

முதலில் எழுந்தவள் அஞ்சலாட்சி.
பிறகு எல்லாப் பிணமும்.
கழுத்தறுபட்டவன் கேனைத் தோளில் தூக்க,
குடல் சரிந்தவர் டம்ளர் தேடினார்.
கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
வெளிச்சம் போய்விட்டது.
இன்னொரு நாளுக்குக் காசில்லை.

பிணங்கள் எழுவதற்கு முன்னால் வெட்டினார்கள்.
எக்ஸெலை அழிக்க
ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு என்றார்கள்.
சார் என்னைக் கேட்டார், "தெரியுதா?"
"புகை நிறைய இருக்கு சார்."
அது பொய்யில்லை.

நான்கு நாள் ஓடியது.
இரண்டாம் நாள் மாலைக் காட்சிக்கு
மூன்று வரிசை சோனாங்குப்பம்.
தன் சாவுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்த அஞ்சலாட்சி
ஏழோடு நின்றுபோனாள்.
மீதி நாலு எங்கே என்று என்னை முறைத்தாள்.

அறுபத்தொன்று வந்தது.
எல்லோரும் நடுவில் டப்பாவைப் பார்த்தார்கள்.
நான் இடது ஓரத்தை.
2097,
கறுப்பு அரசங்கன்று, புகை,
ஒரு கால் ஊன்றி நிற்கிற ஆள்,
ஐந்து கேன்,
எந்த வீட்டில் இறக்குவது என்று
திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்.